19 வருஷ ஊழியத்துக்குப் பிறகு எனக்கு ஒரு கங்காணியா?

ஒன்பது பக்கக் கடிதம். கோடு போட்ட தாளில் பேனாவால் எழுதி, போனில் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். எழுதியவர் பினாங்கு மாநிலத்தில் செபராங் பிறைப் பக்கம் ஒரு தமிழ்ச் சபையின் போதகர். வயது 46, ஊழியத்தில் 19 வருடம். ஞாயிற்றுக்கிழமை நூற்றிருபது பேர் வரும் சபை. அதோடு வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்து ஜெபிப்பது, சனிக்கிழமை தாமான் பிள்ளைகளுக்கு இலவச டியூஷன், நடுவில் கல்யாணம், சாவு, புதுமனை, போலீஸ் நிலையம் என்று எல்லாவற்றுக்கும் அவர்தான். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். போதகரின் ஒப்புதலோடுதான் இதை வெளியிடுகிறேன், ஆள் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடிதம் கோபத்தில் தொடங்குகிறது. அடுத்த ஜனவரியிலிருந்து எல்லாப் போதகர்களும் மாதம் ஒருமுறை 'சூப்பர்விஷன்' போக வேண்டும் என்று அவருடைய திருச்சபைத் தலைமை சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறதாம். உட்கார்ந்து பேசப்போவது வட்டாரத் தலைவர். யாரை எந்தச் சபைக்கு மாற்றுவது என்று பரிந்துரை செய்கிறவரும் அதே வட்டாரத் தலைவர்தான். "என் தாத்தாவைத் தோட்டத்தில் கங்காணி மேய்த்தார், பேரனைச் சபையில் மேய்க்கப் போகிறார்களா?" என்று கேட்கிறார். கேள்விகள் மூன்று. இது என்மேல் நம்பிக்கை இல்லை என்பதுதானே, மறுக்கலாமா? சபை மக்கள் என்னை நம்பிச் சொன்னதை இன்னொருவரிடம் போய்ச் சொல்வது துரோகம் ஆகாதா? ஜெபமும், கூடப் படித்த ஒரு போதக நண்பரும் இருக்கும்போது இது எதற்கு?

ஆறாம் பக்கத்தில் கோபம் தீர்ந்துபோய் வேறு விஷயம் வருகிறது. நான்கு மாதத்துக்கு முன் சபை இளைஞன் ஒருவன் உயிரை மாய்த்துக்கொண்டான். அன்று இரவு 11.40-க்கு அவன் போதகருக்கு வாட்ஸ்அப் அனுப்பியிருக்கிறான்: "பாஸ்டர், தூங்கிட்டீங்களா?" அவர் தூங்கிவிட்டிருந்தார். பார்த்தது காலை ஆறேகாலுக்கு. மாரடைப்பு என்று சொல்லிவிடுங்கள் என்று குடும்பம் கெஞ்சியது, அடக்க ஆராதனையில் அப்படியே சொன்னார். அன்றிலிருந்து போன் தலையணைக்கடியில். ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்து பார்க்கிறார். மனைவிக்குக்கூட உண்மை தெரியாது.

ஒன்பதாம் பக்கத்தின் கடைசிப் பத்தியில், பேனா மாறியிருக்கிறது, ஒரு விஷயம் போகிற போக்கில் வருகிறது. கணவனிடம் அடிவாங்கும் ஒரு பெண்ணுக்கு ஆறு மாதமாகச் சபை அலுவலறையில் தனியாக ஆலோசனை சொல்லி வருகிறார். "தவறு எதுவும் நடக்கவில்லை. ஆனால் அவருடைய மெசேஜ் வராத நாளில் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது."

அன்புள்ள பாஸ்டர்,

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சுற்றிவளைக்காமல் கேட்டுவிடுகிறேன். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு உங்களுக்கு வருகிறதா? இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று பலர் பயப்படுவார்கள், அப்படி ஆவதில்லை. வருகிறது என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு, மனம் நொந்தவர்களுக்குக் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரை 03-7627 2929 என்ற எண்ணில் கூப்பிடுங்கள், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். வரவில்லை என்றாலும் நான்கு மாதமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது. பக்கத்து அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் டாக்டரைப் பாருங்கள், ஒரு வெள்ளி செலவு. சில கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்து மனச்சோர்வு இருக்கிறதா, பதற்றமா என்று பார்ப்பார்கள். சூப்பர்விஷன் வைத்தியம் கிடையாது, அதனால் அது வரட்டும் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, கங்காணிக்கு வருவோம்.

மேலிருந்து பார்ப்பதா, கூட உட்கார்ந்து பார்ப்பதா?

என் பாட்டியும் பால்மரம் சீவியவர்தான். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் கங்காணியைப் பற்றி அவர் சொன்ன கதைகள் எனக்கும் ஞாபகம் இருக்கின்றன, ஆகவே உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். சுற்றறிக்கையில் 'மேற்பார்வை' என்று போட்டிருப்பார்கள். அந்தச் சொல்லே பாதி வினையைச் செய்துவிடுகிறது, மேலே நின்று ஒருவர் கீழே குனிந்து வேலை செய்கிறவரைப் பார்க்கிற படம்தான் நம் மனதில் வரும். உங்கள் வேலையை நீங்களே கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்ப்பதற்கு இன்னொருவர் கூட உட்காருவதுதான் இங்கே பேச்சு. மாதம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். எதைப் பேசுவது என்று முடிவு செய்கிறவர் நீங்கள். எத்தனை வீட்டுக்குப் போனீர்கள், காணிக்கை எவ்வளவு வந்தது, ஏன் கூட்டம் குறைந்தது, இதெல்லாம் அங்கே வராது. அது நிர்வாகம்.

நான் கோயிலுக்குப் போகிறவள், உங்களுக்கு வேதாகமம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. இருந்தாலும் ஒன்று. தமிழ் வேதாகமத்தில் பவுல் எபேசு சபை மூப்பர்களிடம் விடைபெறும் இடத்தில் 'கண்காணிகள்' என்ற சொல்தான் இருக்கிறது. அங்கே முதலில் தங்களைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கச் சொல்லிவிட்டு அப்புறம்தான் மந்தை வருகிறது. வரிசையை நான் மாற்றவில்லை.

பிரிட்டனில் இந்தத் துறையில் எழுதிய பிரிஜிட் ப்ராக்டர் சூப்பர்விஷனின் வேலையை மூன்றாகப் பிரித்தார். கற்றுக்கொள்வது, வரம்பைக் காப்பது, தேறிக்கொள்வது. முதல் இரண்டும் சொன்னாலே விளங்கும். மூன்றாவதை நம் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். சாவு வீட்டுக்குப் போய்வந்தால் நாம் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைவதில்லை, பின்பக்கமாக வந்து குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்குவோம், கிறிஸ்தவ வீடுகளிலும் எத்தனையோ பேர் இன்னும் அப்படித்தான். நீங்கள் வருடத்தில் எத்தனை சாவு வீட்டுக்குப் போகிறீர்கள்? அங்கே கேட்ட அழுகையை எங்கே கழுவுகிறீர்கள்? மருத்துவமனை வார்டிலிருந்து மோட்டாரை எடுத்துக்கொண்டு நேராக டியூஷனுக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வழியில் ஒரு குழாயடி இல்லை.

இது நம்பிக்கை இல்லாததன் அடையாளமா?

தப்பு செய்தவர்களுக்குத்தான் இது என்று நினைக்கிறீர்கள். பிரிட்டனின் ஆலோசகர், மனநல சிகிச்சையாளர் சங்கமான பி.ஏ.சி.பி., தன்னிடம் அங்கீகாரச் சான்று பெற்றுத் தொழிலில் இருக்கும் உறுப்பினர்கள் மாதத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் சூப்பர்விஷன் பெற வேண்டும் என்று வைத்திருக்கிறது, முப்பது வருட அனுபவம் என்று யாருக்கும் விலக்கு கிடையாது. ஆலோசகர் வேலை பார்க்கும் நானும் மாதம் ஒருமுறை போகிறேன். போகாத மாதம் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடும், சாப்பாட்டு மேசையில் சிடுசிடுப்பேன்.

ஆனாலும் பாதி உண்மை உங்கள் பக்கம் இருக்கிறது, மழுப்ப மாட்டேன். திருச்சபைகளில் இது கட்டாயமானதற்குப் பின்னால் கசப்பான கதை உண்டு. பிரிட்டனின் மெதடிஸ்ட் திருச்சபை தன்னிடம் வந்த பழைய புகார்களைத் தோண்டி ஆராய்ந்து 2015-இல் அறிக்கை வெளியிட்டது, அங்கே ஊழியர்களுக்குச் சூப்பர்விஷன் விதியானது அதைத் தொடர்ந்துதான். ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் நடந்த சிறுவர் பாலியல் கொடுமைகளை விசாரித்த அரச ஆணையம் 2017 டிசம்பரில் இறுதி அறிக்கை கொடுத்தது. சமய ஊழியத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பயிற்சி பெற்ற ஒரு சூப்பர்வைசர் வேண்டும் என்று அதில் பரிந்துரை இருக்கிறது. அப்படியென்றால் சந்தேகம்தானே என்பீர்கள். ஊழியத்தில் இருப்பவர் தனியாக விடப்படுகிறார், யாரும் அவரிடம் கேள்வி கேட்பதில்லை, அவரும் யாரிடமும் சொல்வதில்லை, அந்தத் தனிமையில்தான் கெடுதல் வளர்கிறது என்பது அவர்கள் கற்றுக்கொண்ட பாடம். உங்கள் கடிதத்தின் ஒன்பது பக்கமும் அந்தத் தனிமையைத்தான் சொல்கிறது. யாரிடமும் சொல்லாததை முகம் தெரியாத எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

மறுக்கலாமா?

போதகர் சூப்பர்விஷன் போக வேண்டும் என்று மலேசியாவில் சட்டம் கிடையாது. இது உங்கள் திருச்சபையின் உள்விதி. உங்கள் நியமனக் கடிதமும் திருச்சபை அமைப்பு விதிகளும் என்ன சொல்கின்றன என்பதைப் பொறுத்தது, மறுத்தால் என்ன ஆகும் என்பதும் அதைப் பொறுத்ததுதான். சண்டைக்கு நிற்பதாக இருந்தால் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். ஆனால் நான் சொல்வது, சூப்பர்விஷனை மறுக்காதீர்கள், ஆளை மாற்றச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் மூக்குச் சரியாகவே வேலை செய்திருக்கிறது. மாற்றல் பரிந்துரை செய்கிறவர் முன்னால் உட்கார்ந்து "எனக்குத் தூக்கம் வரவில்லை, ஒரு பெண்ணின் மெசேஜுக்குக் காத்திருக்கிறேன்" என்று எந்த மனிதர் சொல்வார்? சொல்ல மாட்டீர்கள், நல்ல பிள்ளையாக நாலு கதை சொல்லிவிட்டு எழுந்து வருவீர்கள், அவரும் எல்லாம் சரி என்று எழுதிவைப்பார். வட்டாரத் தலைவர் தங்கமான மனிதராகவே இருக்கலாம், குறை அவர் உட்காரும் நாற்காலியில். நான் சொன்ன அந்த ஆஸ்திரேலியப் பரிந்துரையிலேயே, சூப்பர்வைசர் ஊழியர் பணிபுரியும் நிறுவனத்திலிருந்து ஓரளவாவது விலகி நிற்பவராக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். தலைமைக்கு எழுதும்போது இதை மேற்கோள் காட்டுங்கள். உங்களோடு இன்னும் மூன்று நான்கு போதகர்கள் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது, ஒருவர் மட்டும் எழுதினால் அடம், நாலு பேர் எழுதினால் ஆலோசனை.

யாரைக் கேட்பது? சூப்பர்விஷனில் பயிற்சி எடுத்த பதிவுபெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இறையியல் கல்லூரிகளில் மேய்ப்புப் பணி கற்பிப்பவர்களை விசாரிக்கலாம். வேறு திருச்சபையைச் சேர்ந்த பயிற்சி பெற்ற போதகரும் பொருத்தமாக இருக்கலாம். ஊர் தள்ளி இருந்தால் நல்லது, கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ இருப்பவரோடு ஸூமில் பேசலாம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் பார்த்துக்கொள்ளலாம். தனியாக ஒருவரைப் பிடிக்கச் சபையில் பணமில்லை என்றால் நாலைந்து போதகர்கள் சேர்ந்து ஒரு குழுவாகவும் போகலாம். பணம் சபை கட்ட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெட்ரோல் கிளைம் கொடுக்கிறார்கள்தானே, மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றுகிறவர்கள் ஓட்டுகிறவரையும் கவனிக்கட்டும்.

முதல் சந்திப்பிலேயே எழுதிக்கொள்ள வேண்டியவை

தலைமைக்கு என்ன போகும் என்பது முதலாவது. வந்தார், இந்தத் தேதிகளில் வந்தார், அவ்வளவுதான் போக வேண்டும். பேசியது போகக்கூடாது. இதைத் தலைமையும் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்ள வேண்டும், வாய்ப்பேச்சு போதாது.

எப்போது அந்த ரகசியம் உடையும் என்பதும் வேண்டும். உங்கள் உயிருக்கு ஆபத்து, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து, ஒரு பிள்ளைக்கு நடக்கும் கொடுமை. இந்த மூன்றிலும் சூப்பர்வைசர் சும்மா இருக்க முடியாது. அதை அவர் முதலிலேயே உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆறு மாதம் கழித்து ஒத்துவரவில்லை என்றால் காரணம் சொல்லாமல் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் எல்லாரோடும் ஒத்துவராது, எனக்கே இரண்டாவது ஆள்தான் அமைந்தார்.

நம்பிச் சொன்னதை வெளியே சொல்வதா?

உங்கள் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி, அதைக் கேட்காத ஊழியர்தான் எனக்குக் கவலை. அங்கே பேசப்படுவது பெரும்பாலும் அந்த மனிதரைப் பற்றி இருக்காது, அவர் முன்னால் உட்கார்ந்திருந்த உங்களைப் பற்றி இருக்கும். என்ன சொன்னீர்கள், ஏன் அதைச் சொன்னீர்கள், சொல்லாமல் விழுங்கியது எது. ஒருமுறை மருத்துவமனைக்குப் போய்வரும் தன்னார்வலர் ஒருவர் என்னிடம் வந்து, ஒரு நோயாளி தன்னிடம் பேசவே மாட்டேன் என்கிறார் என்று அரைமணி நேரம் குறைப்பட்டுக்கொண்டார். நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேட்டேன். கட்டிலின் கால்மாட்டில், நின்றுகொண்டு, கையில் மோட்டார் சாவி. சொல்லும்போதே சிரித்துவிட்டார். நோயாளியின் பெயர் எனக்குத் தேவைப்படவே இல்லை.

பெயரை மறைத்தால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் ஊரில் 'லோரி ஓட்டுகிறவர், மூன்று பெண் பிள்ளைகள், தம்பி கோயில் கமிட்டியில் இருக்கிறார்' என்றால் பட்டர்வொர்த்தில் பாதிப்பேர் ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஊர் தள்ளி ஆள் பாருங்கள் என்று நான் சொன்னதற்கு இதுவும் காரணம். தொழிலையும் பிள்ளைகள் எண்ணிக்கையையும்கூட மாற்றிச் சொல்லுங்கள். அதோடு சபை மக்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "என் வேலையைப் பற்றிப் பேச எனக்கும் ஒருவர் இருக்கிறார், உங்கள் பெயர் அங்கே வராது" என்று. பலருக்கு அது நிம்மதியாகவே இருக்கும்.

உங்கள் கடிதத்தில், யார் எதைச் சொன்னாலும் கல்லறை வரை என்னோடு என்று வாக்குக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதற்கு நம் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, போதகரிடம் சொன்னதற்கு அப்படி ஒரு பிரிவு அதில் இல்லை. பிள்ளைகள் விஷயம் இன்னும் கறார். 2017-ஆம் ஆண்டு சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டப்படி, அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. 'எந்த ஒருவரும்' என்றுதான் சட்டம் சொல்கிறது, போதகர் நீங்கலாக என்று இல்லை.

இன்னொரு சின்ன விஷயம், கோபித்துக்கொள்ள வேண்டாம். சபை வாசல் பேனரில் உங்கள் பெயருக்குக் கீழே 'கவுன்சலர்' என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, அதாவது சட்டம் 580, கவுன்சலர் வாரியத்தில் பதியாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. போதகராக நீங்கள் ஆறுதல் சொல்வதையும் வழிகாட்டுவதையும் யாரும் தடுக்கவில்லை, அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.

ஜெபமும் நண்பரும் போதாதா?

ஜெபத்தைப் பற்றி நான் பேச முடியாது, அது உங்களுக்கும் ஆண்டவருக்கும். நண்பரைப் பற்றிச் சொல்கிறேன். அவரோடு மாமாக் கடையில் தே தாரிக் குடிப்பதை விட்டுவிடாதீர்கள். ஆனால் நண்பர் என்ன செய்வார்? நீங்கள் அந்த 11.40 மெசேஜைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில், "உன் தப்பு இல்லைடா, விடு" என்பார். உங்களை நேசிப்பதால் உங்கள் வலியை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, சீக்கிரம் மூடிவிடப் பார்ப்பார். நீங்களும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் ராத்திரி மறுபடி போனைப் பார்ப்பீர்கள். திறந்த காயத்தோடு உங்களை அரைமணி நேரம் உட்காரவிட்டு, அவசரப்படாமல் கூட இருக்கப் பயிற்சி வேண்டும்.

வேதாகமத்தில் வரும் எத்திரோவைப் பற்றி நீங்கள் எத்தனையோ பிரசங்கம் செய்திருப்பீர்கள், பெரும்பாலும் பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பதைப் பற்றி. எனக்கு அந்தக் கதையில் பிடித்தது வேறு. மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து எல்லார் வழக்கையும் கேட்டுக்கொண்டிருக்கிறார், கூட இருக்கிற இத்தனை ஆயிரம் பேரில் ஒருவருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து வந்த மாமனார், மீதியான் நாட்டு ஆசாரியர், ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு நீர் தொய்ந்துபோவீர் என்கிறார். வெளியாள் கண்ணுக்குத்தான் அது பட்டது.

அந்தப் பையன்

இதற்கு நான் நீளமாகப் பதில் எழுதப்போவதில்லை, எழுத்தில் தீர்க்கிற காரியமில்லை. அந்த மெசேஜை நீங்கள் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நடந்து முடிந்தபின் எல்லா அறிகுறியும் வரிசையாகத் தெரியும். அன்றிரவு அது வெறும் ஒரு கேள்வி, அதே கேள்வியை உங்களுக்கு வாரத்தில் நாலு பேர் அனுப்புகிறார்கள்.

மாரடைப்பு என்று சொன்னதைப் பற்றி. குடும்பத்தின் ரகசியம் அது, இப்போது நீங்கள் மேடையேறித் திருத்த வேண்டியதில்லை. ஆனால் பிரசங்கப் பீடத்திலிருந்து உண்மையில்லாததைச் சொன்னது உங்களை உறுத்துகிறது, அந்த உறுத்தலை ஒரு பொய்தானே என்று ஒதுக்காமல் சூப்பர்விஷனுக்குக் கொண்டுபோங்கள். குடும்பத்துக்குப் போலீஸ் பயமும் இருந்திருக்கலாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது என்பது நம் மக்கள் பலருக்கு இன்னும் தெரியாது. அப்புறம், அவனோடு சுற்றிய இளைஞர்களுக்கு உண்மை தெரிந்திருக்கும். பெயர் சொல்லாமல், மனச்சோர்வைப் பற்றியும் யாரைக் கூப்பிடலாம் என்பதைப் பற்றியும் வாலிபர் கூட்டத்தில் ஒருநாள் பேசுங்கள். அதை நீங்களே எடுக்க வேண்டாம், இந்த நிலையில் வேண்டாம், வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிடுங்கள்.

போனை இனி இரவில் சமையலறையில் வையுங்கள். பத்து மணிக்கு மேல் அனுப்புகிறவர்களுக்குத் தானாகப் போகும் பதில் ஒன்றைப் போட்டு, பிஃப்ரெண்டர்ஸ் எண்ணும் 999-உம் அதில் இருக்கட்டும். இதைச் செய்ய மனம் ஒப்பாது என்று தெரியும்.

அந்தப் பெண்

கடைசிப் பக்கத்தில், கதவைத் திறந்துகொண்டே சொல்வதுபோல எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் முக்கியமானது அப்படித்தான் வரும்.

ஆறு வருடத்துக்கு முன் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு என் சொந்த நம்பரைக் கொடுத்தேன். அவள் பாவம், யாருமில்லை, அவசரத்துக்கு ஆகும் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். தினமும் மெசேஜ் வரும், நானும் பதில் போடுவேன். ஈப்போவில் இருக்கும் என் சூப்பர்வைசரிடம் இதைப் பெருமையாகவே சொன்னேன். அவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார், "அந்த நம்பர் யாருக்குத் தேவைப்பட்டது?" எனக்குப் பதில் வரவில்லை. என் அம்மா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது, யாராவது என்னைத் தேட வேண்டும் என்று இருந்திருக்கிறது. அது எனக்கே அந்த அறையில்தான் தெரிந்தது.

நீங்கள் கெட்டவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. தூக்கமில்லாத, யாரிடமும் பேச முடியாத ஒரு மனிதருக்கு, தன்னை நம்பி வருகிற ஒருவரின் மெசேஜ் இனிப்பாக இருக்கும். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. இந்த வாரத்திலிருந்து தனியாகச் சந்திப்பதை நிறுத்துங்கள். சட்டென்று கதவைச் சாத்திவிட்டு மறையவும் வேண்டாம், அவர் ஏற்கெனவே அடிபட்டவர். "இந்த விஷயத்தில் என்னைவிட நன்றாக உதவக்கூடியவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் உங்களைச் சேர்த்துவிடுகிறேன்" என்று சபையில் பொறுப்பான ஒரு பெண்மணியைக் கூட வைத்துக்கொண்டு சொல்லுங்கள். உங்கள் மனதில் ஓடுவதை அவரிடம் சொல்லவே வேண்டாம், அந்தப் பாரத்தையும் அவர் தலையில் வைக்காதீர்கள்.

அவருக்கு நீங்கள் ஆறு மாதமாகச் சொல்லி வந்தது பொறுமையும் கணவருக்காக ஜெபமும் என்று எழுதியிருக்கிறீர்கள். பாஸ்டர், அடிக்கிறவர் வீட்டில் பொறுமை ஒரு திட்டமாகாது. குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் இருந்து இருக்கிறது. சமூகநல இலாகா மூலம் அவசரப் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம், ஏழு நாள் செல்லும், அதற்குப் போலீஸ் புகார் முதலில் வேண்டும் என்பதில்லை. தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999-ஐ எந்நேரமும் கூப்பிடலாம். பினாங்கிலேயே விமன்ஸ் சென்டர் ஃபார் சேஞ்ச் 1985-இல் இருந்து இந்த வேலையைச் செய்து வருகிறது, இலவசமாக. போக வேண்டுமா, எப்போது போக வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும், வழி இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

மனைவியிடம் என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், முதலில் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லுங்கள் என்றிருப்பேன், குடும்பத்தின் ரகசியத்தைச் சொல்லாமலேயே "அன்று ராத்திரி எனக்கு ஒரு மெசேஜ் வந்தது" என்ற அளவுக்காவது. ராத்திரி நாலு தடவை எழுந்து போன் பார்க்கும் கணவரைப் பற்றி அவர் இந்நேரம் என்னென்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ.

அந்த மெசேஜை இன்னும் அழிக்காமல் வைத்திருப்பதாக ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. அழிக்கச் சொல்ல மாட்டேன். ஜனவரி வரை காத்திருக்காமல் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள், முதல் சந்திப்புக்கு அந்தப் போனை எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் வையுங்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவர் கேட்க மாட்டார்.